நிழலில் எழுந்த முகங்கள்

'போட்டோகிராபி' என்னும் சொல் கிரேக்க மொழியிலிருந்து ஆக்கப்பட்டது. ஒளியால் எழுதுதல் என்பது அதன் பொருள். 1839ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தார் முன்னிலையில் அச்சொல்லை எடுத்தாண்டு, உலக வழக்கில் நிலைபெறச் செய்தவர் வானியல் அறிஞர் சேர் யோன் ஹேர்ஷல் ஆவார். தமிழர் அக்கலைக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று நிழற்படம் என்பது. ஒளியினால் ஆகும் ஒன்றுக்கு நிழலின் பெயரை இடுவது பொருந்துமா என்று கேட்கத் தோன்றும். அக்கேள்விக்கு விடை கூறுவது போல, அந்த ஹேர்ஷலையே உருவாக்கிக் காட்டும் படம் ஒன்று இருக்கின்றது.

அப்படம் 1867ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. ஹேர்ஷலுக்கு அப்பொழுது வயது எழுபத்தைந்து. படத்தின் பெரும் பகுதி வெறும் இருள். அறிஞர் ஒருவரின் படம் என்றால் மேசையும் நூல்களும், ஒருவேளை ஒரு தொலைநோக்கியும் பக்கத்திலே இருக்கும் என்று எதிர்பார்ப்போம். அவற்றுள் ஒன்றேனும் இல்லை. அமர்ந்திருக்கும் நாற்காலியுமில்லை, தோளும் மார்பும் கரிய துணியிலே மறைந்துவிட்டன. இருளின் நடுவே ஒரு முகம் மட்டும் எழுகின்றது. நரைத்த மயிர் ஒவ்வோர் இழையாக ஒளியைப் பற்றிக்கொண்டு தலையைச் சுற்றி நிற்கின்றது. நெற்றியின் சுருக்கங்களிலே ஒளி விழுந்து இறங்கி, கன்னத்தின் கீழே மறைகின்றது. கண்கள் பார்ப்பவரை நோக்குவன போலவும், அவரைக் கடந்து நெடுந்தொலைவில் எதையோ நோக்குவன போலவும் இருக்கின்றன. வானத்தை அளந்தவர் இவர் என்று எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. படம் பிடிக்குமுன் அப்பெரியாரின் தலைமயிரைக் கழுவிக் கலைத்துவிடும்படி செய்தார்கள் என்று சொல்வதுண்டு. அது மெய்யானால், அந்த ஒளிவட்டம் தானாக வந்ததன்று, தேடி வருவிக்கப்பட்டது.

அதனை வருவித்தவர் யூலியா மார்கரெட் கமெரன் அம்மையார். இலங்கை நேயர்களுக்கு அவர் முற்றிலும் அந்நியர் அல்லர். மலைநாட்டிலே, பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலய வளவிலே அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றார். அவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமெரன் என்றால் வரலாறு கற்றவர்கள் உடனே அறிந்துகொள்வர். இந்நாட்டுக்கு வந்து, 1833ஆம் ஆண்டின் அரசியற் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த ஆணைக்குழுவிலே கோல்புறூக் என்பவரோடு இருந்த கமெரன் அவரே. தீவை விட்டுச் சென்ற பின்னரும் அவர் மனம் இத்தீவை விடவில்லை. இங்கே கோப்பித் தோட்டங்களை வாங்கினார். வைட் தீவிலே குடும்பம் குடியிருந்த வீட்டுக்கும் 'டிம்போலா' என்றே பெயர். இலங்கை மலைநாட்டின் டிம்புள்ளையை நினைவூட்டும் பெயர் அது.

அம்மையார் 1815ஆம் ஆண்டிற் கல்கத்தாவிலே பிறந்தவர். 1863ஆம் ஆண்டு மார்கழி மாதம் மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தனர். அவருக்கு அப்பொழுது வயது நாற்பத்தெட்டு; பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர், கணவரோ தோட்ட அலுவலாக இலங்கையில் இருந்தார். தனிமைக்கு ஒரு பொழுதுபோக்காகட்டும் என்பதே கொடுத்தவர்களின் எண்ணம். வாங்கியவர் அதனைப் பொழுதுபோக்காகக் கொள்ளவில்லை. நிலக்கரி வைக்கும் கொட்டிலை இருட்டறையாக்கினார். கண்ணாடி அடைத்த கோழிக்கூட்டைப் படம்பிடிக்கும் கூடமாக்கினார். அங்கிருந்த கோழிகள் விடுதலை பெற்றன என்றும், அவை உணவாகவில்லை என்று நம்புவதாகவும் தம்முடைய நினைவுக் குறிப்பிலே அவர் வேடிக்கையாகக் கூறுகின்றார். கற்றுக்கொடுக்க எவரும் இலர். எடுத்த முதற் படத்தையே ஈரம் உலருமுன் கையாற் தேய்த்து அழித்துவிட்டாராம்.

அக்காலத்துப் படக்கூடங்கள் எவ்வாறு இருந்தன என்பதை நினைவிற் கொண்டாலன்றி இந்த அம்மையார் செய்தது விளங்காது. 1854ஆம் ஆண்டிலே பாரிசில் டிஸ்டெரி என்பவர் உரிமை பெற்ற சிறு அட்டைப் படங்கள் ஐரோப்பா எங்கும் பரவியிருந்தன. கூடத்தின் கூரை கண்ணாடி; எல்லாத் திசையிலிருந்தும் ஒளி வந்து விழும். படம் எடுத்துக்கொள்ள வருபவரை முழு உருவமாக நிறுத்துவர். பக்கத்திலே ஒரு பொய்த் தூண். பின்னாலே ஒரு திரை. தலை அசையாதபடி பிடரியைப் பற்றிக்கொள்ள ஓர் இரும்புத் தாங்கி. உடுப்பின் பொத்தான்களை எண்ணலாம். சங்கிலியின் கண்ணிகளை எண்ணலாம். முகத்தை மட்டும் காண முடியாது. அதாவது, கண்ணும் மூக்கும் தெரியும், ஆள் தெரியாது. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒளி விழும்போது முகம் ஒரு தட்டையான பொருளாகின்றது. மேடும் பள்ளமும் நிழலினாலன்றி வேறெதனாலும் கண்ணுக்குப் புலப்படா. யாழ்ப்பாணத்து வீட்டுச் சுவர்களிலே தொங்கும் பழைய கலியாணப் படங்களைப் பார்ப்பவர்களுக்கும் இது புரியும். மணமக்களைக் காட்டிலும் பின்னாலே எழுதிய மாளிகைத் திரை தெளிவாக இருக்கும்.

கமெரன் அம்மையார் அந்த ஒளியைக் குறைத்தார். கூடத்தின் கண்ணாடிகளிலே திரைகளை இழுத்து மூடி, ஒரு பக்கத்திலிருந்தோ சற்று மேலிருந்தோ மட்டும் ஒளி வரும்படி செய்தார். பின்னாலே கரிய துணியைத் தொங்கவிட்டார். அமர்ந்தவரின் நாகரிக உடையை மறைக்க இருண்ட போர்வை ஒன்றைப் போர்த்தினார். கமராவை முகத்துக்கு மிக அருகே கொண்டுவந்தார். அவ்வளவுதான் அவருடைய தந்திரம் எல்லாம். ஒல்லாந்து ஓவியர் றெம்பிராண்ட் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் தூரிகையினாற் செய்ததையே அவர் வில்லையினாற் செய்தார் என்று சொல்லலாம். ஆனால் ஓவியன் வேண்டிய இடத்திலே இருளைத் தீட்டிக்கொள்வான். நிழற்படக்காரர் இருளை அறையிலே முதலில் உண்டாக்கிவிட்டுப் பின்னரே படம் பிடிக்க வேண்டும்.

தோமஸ் கார்லைல் என்னும் எழுத்தாளரை அவர் அதே 1867ஆம் ஆண்டிற் படமாக்கினார். முகம் படத்தை முழுவதும் நிறைக்கின்றது. ஒரு பாதி கரடுமுரடான பாறைபோல ஒளியில் நிற்க, மறு பாதி இருளிலே கரைகின்றது. கோடுகள் கூர்மையாக இல்லை. அவர் சிறிது அசைந்துமிருக்கின்றார். மைக்கலாஞ்சலோ செதுக்கத் தொடங்கிய கல்லைப் போன்றது என்று அம்மையாரே படத்தின் கீழ் எழுதிவைத்தார். கார்லைலுக்கு அப்படம் அச்சமூட்டியது. அவலட்சணமாயும் துயரம் தோய்ந்ததாயும் இருக்கின்றது என்றார். ஆயினும் தம் சாயல் அதிலே உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அம்மையாரின் சகோதரி மகளான யூலியா ஜாக்சன் என்னும் இளம்பெண்ணின் படத்தை இதனோடு வைத்துப் பார்த்தல் வேண்டும். நேரே நோக்கும் முகம். நடுவே கோடு கிழித்தாற்போல ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். அழகிய பெண் ஒருத்தியை அழகாகக் காட்டுவது எளிது. அவள் மனத்திலே என்ன ஓடுகின்றது என்று பார்ப்பவரைக் கேட்கவைப்பது எளிதன்று. பிற்காலத்திலே எழுத்தாளராகப் புகழ்பெற்ற வேர்ஜீனியா வூல்பின் தாயார் இவர்.

இன்னொரு படம் உண்டு. இத்தாலிய மாதிரியாளர் ஒருவரை இருத்திப் பிடித்து, சேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்து வஞ்சகனான 'இயாகோ' என்று பெயரிட்டது. கண்கள் தாழ்ந்திருக்கின்றன, இமைகளும் மழிக்காத மோவாயும் மட்டும் மனத்திலே நிற்கும். பல ஆண்டுகள் கடந்து இன்றைக்கு அதில் ஒரே ஒரு பிரதிதான் எஞ்சியிருக்கின்றது. அவன் வஞ்சகனா, துயருற்றவனா என்று துணிந்து கூற இயலாது. கண்களைக் காட்டியிருந்தால் அந்த ஐயம் தீர்ந்திருக்கும். படமும் அத்தோடு முடிந்திருக்கும்.

மருமம் என்பது மறைப்பதனால் மட்டும் வருவதன்று. முகம் முழுவதையும் இருளில் மூழ்கடித்தால் அங்கே மருமமும் இல்லை, மனிதனும் இல்லை. பார்ப்பவன் பற்றிக்கொள்ள ஏதேனும் ஒன்று வேண்டும்: கண்மணியிலே ஒரு சிறு ஒளிப்புள்ளி, அல்லது நெற்றியின் ஒரு விளிம்பு. அதனைப் பற்றிக்கொண்டு மிகுதியை அவனே தேடத் தொடங்குகின்றான். கமெரன் அம்மையாரின் சிறந்த படங்களிலே அந்தப் பிடி தவறுவதில்லை. தவறிய படங்களும் பல உண்டு. இறக்கை கட்டிய பிள்ளைகளைத் தேவதூதர் என்றும், பணிப்பெண்களைக் கன்னி மரியாள் என்றும் வேடம் புனைந்து அவர் எடுத்தவை பலவற்றிலே வேடம்தான் முன்னால் நிற்கின்றது.

இனி, அக்காலத்து வேலையின் இயல்பைச் சிறிது அறிதல் நலம். அப்படங்களின் தோற்றத்திலே பாதி அதனால் வந்தது. கண்ணாடித் தகடு ஒன்றிலே கொலோடியன் என்னும் பசையை ஊற்றிப் பரப்ப வேண்டும். பின்னர் அதனை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்த வேண்டும். தகடு ஈரமாக இருக்கும்போதே கமராவிலே பொருத்திப் படம் பிடித்து, ஈரம் காயுமுன் இருட்டறைக்குக் கொண்டுசென்று உருவத்தை வெளிக்கொணர வேண்டும். அம்மையார் முதலில் 11 அங்குலத்துக்கு 9 அங்குலத் தகடுகளையும், 1866ஆம் ஆண்டு முதல் 15க்கு 12 அங்குலப் பெருந்தகடுகளையும் கையாண்டார். ஒளியையும் குறைத்துவிட்டார் ஆதலின், ஒரு படத்துக்கு மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், அதற்கு மேலும் அசையாதிருக்க வேண்டியதாயிற்று. எந்த மனிதன் ஐந்து நிமிடம் சிலையாக இருப்பான்? மூச்சு வாங்குகின்றது; இமை துடிக்கின்றது; தலை மயிரளவு சாய்கின்றது. அவையெல்லாம் தகட்டிலே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. கண்ணிமைப் பொழுதிலே எடுக்கும் படம் ஒரு கணத்தைக் காட்டும்; இவை அந்த ஐந்து நிமிடங்களையும் சேர்த்துக் காட்டுகின்றன.

வில்லையைச் சரிசெய்யும் முறையிலும் அவர் தம் வழியே சென்றார். உருவம் தமக்கு அழகாகத் தோன்றும் இடத்திலே நிறுத்திவிடுவார். பிறர் விரும்பிய அளவு கூர்மை வரும்வரை திருகிக்கொண்டே போகமாட்டார். ஆகவே ஒரு கண் தெளிவாயிருக்க, காது மங்கிப்போகும்.

நிறத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறத்தோடு என்ன தொடர்பு என்று எண்ணுதல் கூடாது. கொலோடியன் தகடு நீல ஒளியையும் ஊதா ஒளியையும் மட்டுமே நன்கு உணரும். சிவப்புக்கு அது ஏறக்குறையக் குருடு. நீலக் கண்கள் படத்திலே வெளிறிப் பளிங்குபோல ஆயின. சிவந்த கன்னம் நிழல் விழுந்ததுபோல் இருண்டது. முகத்திலிருந்த மங்கலான புள்ளிகள் கரும்புள்ளிகளாயின. செம்பட்டு கரிய துணியாகிவிடும். நீல வானமோ வெறும் வெள்ளையாகிவிடும். ஆகவே கமரா கண்ட முகம் எதிரே அமர்ந்திருந்த முகமன்று. வேறோர் உலகத்தின் ஒளியிலே கண்ட முகம். பின்னர் அதனை முட்டையின் வெண்கரு பூசிய தாளிலே வெயிலில் வைத்துப் பதித்து, பொன்னுப்புக் கரைசலிற் தோய்த்தபோது கபில நிறமும் சிறிது ஊதாவும் கலந்த சாயல் உண்டாயிற்று. அந்தச் சூடான கபிலம் இருளை வெறும் கறுப்பாக விடவில்லை. அந்தி மயங்கும் வேளையின் இருளாக்கியது.

1861ஆம் ஆண்டிலே மக்ஸ்வெல் என்னும் விஞ்ஞானி, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று வடிகள் வழியே ஒரு வண்ண நாடாவைப் படமெடுத்து, மூன்றையும் ஒன்றாகத் திரையில் வீழ்த்தி முதல் வண்ணப் படத்தைக் காட்டினார். சிவப்பை உணராத கொலோடியனைக் கொண்டு அது எப்படி முடிந்தது? நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1961ஆம் ஆண்டிலேதான் விடை கிடைத்தது. அந்த நாடாவின் சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத புறவூதா ஒளியையும் தெறித்திருக்கின்றது. தகடு அதனைப் பிடித்துக்கொண்டது. 1873ஆம் ஆண்டிலே வோகல் என்னும் ஜெர்மானியர் சாயங்களைச் சேர்த்துத் தகடுகளுக்கு வேறு நிறங்களையும் உணரக் கற்பித்தார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906ஆம் ஆண்டளவிலேதான் விற்பனைக்கு வந்தன. கமெரன் அம்மையார் அவற்றைக் காணவில்லை.

தொழில்முறைப் படக்காரர்கள் அவரை மன்னிக்கவில்லை. தகட்டிலே கீறல், கைரேகை, மருந்து வழிந்த தடம், கூர்மையின்மை. இவையெல்லாம் ஒரு பயிலுநன் செய்யும் பிழைகள் என்று இலண்டன் நிழற்படச் சங்கத்தின் ஏடு எழுதியது. பேர்லின் கண்காட்சியோ 1866ஆம் ஆண்டிலே அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. தென் கென்சிங்டன் அரும்பொருட் சாலையார் 1865ஆம் ஆண்டிலேயே அவர் படங்களை விலைகொடுத்து வாங்கினர். 1868ஆம் ஆண்டிலே படம்பிடித்துக்கொள்ள இரண்டு அறைகளையும் விட்டுக்கொடுத்தனர். குறை கூறியவர்கள் முழுவதும் பிழைபட்டார்கள் என்பதற்கில்லை. கீறல் கீறல்தான், சிறிது பொறுமை இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம். ஆனால் கீறலையும் நிழலையும் ஒரே குற்றப்பத்திரத்திலே எழுதியதுதான் அவர்கள் செய்த தவறு.

இக்கலையைப் பழக விரும்பும் இளைஞர்களுக்கு அம்மையாரின் கோழிக்கூடு இன்றும் பாடம் சொல்லும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு கதவையும் ஏனைய யன்னல்களையும் சாத்திவிட்டு, ஒரு யன்னலை மட்டும் பாதி திறந்துவைத்தாற் போதும். அமர்பவரை யன்னலுக்கு எதிரே அன்றி, அதற்குப் பக்கவாட்டிலே இருத்த வேண்டும். பின்சுவரிலிருந்து அவரை இயன்றளவு தள்ளி இருத்தினால் சுவர் தானாகவே இருண்டுபோகும். இல்லையேல் ஒரு கரிய போர்வையைத் தொங்கவிடலாம். விளக்கொளியிற் பிடிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்தல் வேண்டும். சிறு விளக்கிலிருந்து இருமடங்கு தூரம் போனால் ஒளி நாலில் ஒன்றாகிவிடும். ஆகவே விளக்கு முகத்துக்கு அருகே இருந்தால் முகம் ஒளிரும், காதுக்கு அப்பால் இருள் தொடங்கும்; விளக்கைத் தள்ளி வைத்தால் முகத்துக்கும் சுவருக்கும் வேற்றுமை குறைந்துவிடும். அந்தி வேளையிலே யன்னல் வழியே வரும் நீல ஒளி ஒரு கன்னத்திலும், குப்பி விளக்கின் மஞ்சள் ஒளி மறு கன்னத்திலும் விழுமாறு இருத்திப் பாருங்கள். நாள்தோறும் காணும் முகமே அறியாத முகமாகும். மூன்றாவது நிறம் ஒன்றைச் சேர்த்தால் அது கூத்து மேடையாகிவிடும்.

இக்காலத்துக் கைத்தொலைபேசிகள் இதற்குச் சிறிது பகை. இருளைக் கண்டால் அவை தாமாகவே அதனைப் போக்கி, நிழலைத் தூக்கி நிறுத்திவிடுகின்றன. இருள் ஒரு குறை என்று அவற்றுக்குக் கற்பித்திருக்கின்றார்கள். திரையிலே முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கையினாற் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கோப்பிச் செடிக்கு நோய் கண்டது 1869ஆம் ஆண்டிலே. தோட்டங்களின் வருவாய் தேய்ந்தது. கணவருக்கோ முதுமை, அவர் விரும்பியதோ இலங்கை. 1875ஆம் ஆண்டிலே இருவரும் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டனர். தங்களுக்கென இரண்டு சவப்பெட்டிகளையும், பாலுக்கு ஒரு பசுவையும் கப்பலில் ஏற்றிச் சென்றார்கள் என்பது பலரும் எடுத்துச் சொல்லும் கதை. அவர்கள் களுத்துறையிலே, அரசாங்க சேவையிலிருந்த மகனின் வீட்டிலே தங்கினர்.

இங்கே எடுத்த படங்களுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. பன்னிரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கணக்காக எடுத்த கை ஏன் இவ்வாறு தளர்ந்தது? மருந்துகள் எட்டாத தொலைவில் இருந்தன. அது ஒரு காரணம். கொலோடியனிலுள்ள ஈதர் இந்த வெப்பத்திலே விரைந்து ஆவியாகும், தகடு காய்ந்துவிடும். அவற்றைக் காட்டிலும் பெரிய தடை இந்நாட்டு வெயில்தான் என்று கொள்ளலாம். மங்கிய வடநாட்டு வானத்தின் கீழே, உள்ள சிறிது ஒளியையும் திரையிட்டு ஒடுக்கிப் பழகியவர் அவர். இங்கே உச்சி வெயில் தலைக்குமேல் நின்று கண்குழிகளிலே கருநிழலை ஊற்றுகின்றது. மணலும் சுவரும் அதனைத் திருப்பி எறிகின்றன.

மரியான் நோர்த் என்னும் ஓவியர் 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே களுத்துறைக்கு வந்தபோது அம்மையார் அவரையும் படமாக்கினார். அந்த அனுபவத்தை நோர்த் அம்மையார் தம் நினைவு நூலிலே நகைத்துக்கொண்டே எழுதியிருக்கின்றார். பரனைற்று வெப்பமானியிலே 96 பாகை. கம்பளிப் போர்வையைச் சுற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, கூரிய தென்னோலைகள் தலையிலே குத்த நிறுத்தினார்களாம். காற்றில் ஓலை அசையுந்தோறும் நண்பகற் சூரியன் இடுக்கு வழியே கண்ணிற் பாய்ந்தது. இயல்பாக இருக்கும்படி வேறு கட்டளை. வைட் தீவின் கரிய போர்வைக்கு மாறாக இங்கே ஓலை நிழலைக் கொண்டு ஒளியைச் சல்லடை செய்ய முயன்றார் என்பது இதிலிருந்து விளங்கும். முயற்சி நல்ல முயற்சிதான். அமர்ந்தவர் படும்பாடுதான் வேறு.

மற்றொரு தடையும் இருந்தது. மாநிறத் தோல் நீல ஒளியையும் ஊதா ஒளியையும் பெரிதும் விழுங்கிவிடும். சிவப்பையே மிகுதியாகத் திருப்பித் தரும். கொலோடியனோ சிவப்பைக் காணாது. ஹேர்ஷலின் வெண்மயிரை இருளிலிருந்து எடுத்துத் தந்த அதே தகடு, களுத்துறைக் குடியானவரின் முகத்தை இருளோடு சேர்த்துவிடும். கருந்திரையின் முன் அவரை இருத்த முடியாது. இங்குள்ள முகங்களை இங்குள்ள ஒளியிலே, நிழலின் வளம் கெடாமற் பிடிக்க இன்னும் அறுபது ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது. எல்லா நிறங்களையும் உணரும் படச்சுருள் வந்தபின், 1930களிலே கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் அதனைச் செய்தார். 1900ஆம் ஆண்டிலே பிறந்து 1944ஆம் ஆண்டிலே மறைந்த அவர் பியானோக் கலைஞர், சட்டம் பயின்றவர். கபிலத் தோலின்மேல் ஒளி எண்ணெய்போல வழிவதையும், நிழலுக்குள்ளே இன்னொரு நிழல் இருப்பதையும் அவர் படங்களிலே காணலாம். உருவம் துலங்கிக்கொண்டிருக்கும்போதே இருட்டறையில் ஒரு கணம் ஒளியைப் பாய்ச்சி, இருளும் வெளிச்சமும் இடம்மாறும்படி செய்யும் வித்தையையும் அவர் கையாண்டார். அவருடைய படத்தொகுதி இறந்தபின், 1950ஆம் ஆண்டிலே வெளிவந்தது.

கமெரன் அம்மையாரின் இலங்கைப் படங்களைப் பார்ப்பவர்கள் முகம் நிறைந்த அந்தப் பழைய நெருக்கத்தை அதிகம் காணமாட்டார்கள். கமரா சற்றுத் தள்ளி நிற்கின்றது. பெயர்களும் இல்லை. கார்லைல் கார்லைலாகவே இருந்தார். ஹேர்ஷல் ஹேர்ஷலாகவே இருந்தார். ஒருவருடைய முதுகு மிக அழகாயிருக்கின்றது என்று கண்டு, தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி அம்மையார் மகனை வற்புறுத்தினார் என்று நோர்த் எழுதுகின்றார். அந்த முதுகுக்குரியவரின் பெயரை அவரும் எழுதவில்லை.

1879ஆம் ஆண்டு தை மாதம் 26ஆம் நாள் அம்மையார் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே காலமானார். கணவர் அடுத்த ஆண்டு அவர் அருகே அடக்கம் செய்யப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டிலே, 1878இலே, எடுத்த படம் ஒன்று களுத்துறைக் குடியானவர் கூட்டம் ஒன்றைக் காட்டுகின்றது. அதன் கீழே அம்மையார் ஒரு நீண்ட குறிப்பை எழுதிவைத்திருக்கின்றார். பெண்ணுக்கு வயது பன்னிரண்டு. முதியவர் தாம் அவளுடைய தந்தை என்கின்றார். தமக்கு நூறு வயது என்றும் சொல்கின்றார். அதை அம்மையார் நம்பினாரா இல்லையா என்பது குறிப்பிலே இல்லை. முதியவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிட்டு, பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டார்.